அடிமனை யாருடையது?

வீடியோ கேம் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கில்லை. நம் இலக்கிய அன்பர்களுக்கு அது குழந்தைகளைக் கெடுக்கும் சமாசாரம், அல்லது ஐ.டி. கம்பெனிப் பையன்கள் ராத்திரி கண்விழித்துப் பொழுதைக் கொல்லும் காரியம். நாவல் வந்தபோதும், சினிமா வந்தபோதும் இதே முகச்சுளிப்போடு பேசியவர்களின் வாரிசுகள் இவர்கள். கேம் கலையா இல்லையா என்று இவர்களோடு மல்லுக்கட்ட நான் வரவில்லை. கலை இல்லை என்றே இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். என் கேள்வி அதைவிடச் சாதாரணமானது. காசு கொடுத்து ஒன்றை வாங்கிய பின் அது வாங்கியவனுடையதா, விற்றவனுடையதா? இந்தக் கேள்விக்கு கேம் வியாபாரம் இருபது வருஷங்களாக ஒரு பதிலைச் சொல்லி, கோடிக்கணக்கான பேரை அதற்குத் தலையாட்டவும் வைத்துவிட்டது. நம் எழுத்தாளர்கள் காதில் அது விழவில்லை. இப்போது அதே பதில் தமிழ்ப் புத்தக அலமாரி வரைக்கும் வந்து நிற்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தி. நகரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். இனிஷியல், தேதி, சீர் என்றால் யார் யாருக்குக் கொடுத்தது என்பதும் கூட. அந்த எழுத்து விழுந்த க்ஷணத்தில் கடைக்காரருக்கும் குடத்துக்கும் இருந்த சம்பந்தம் அறுந்துபோகிறது. குடத்தில் தண்ணீர் பிடிக்குமுன் உஸ்மான் சாலைக்குப் போன் போட்டு அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடை நாளைக்கு இழுத்து மூடப்பட்டாலும் குடம் குடமாகவே இருக்கும். பேத்திக்குக் கொடுக்கலாம், அடகு வைக்கலாம், பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம். உடைமை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டப் புத்தகமும் சொன்னதில்லை. ஆன்லைன் கேம் கடையும் வாங்கினவன் பெயரைப் பொறித்துத்தான் தருகிறது. ஆனால் குடத்தைத் தன் கடையின் உள்ளறையிலேயே வைத்துக்கொள்கிறது. தாகம் எடுக்கும்போதெல்லாம் நாம் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2003-ல் ஸ்டீம் என்ற கடையைத் திறந்தது. 2004 நவம்பரில் அதன் 'ஹாஃப்-லைஃப் 2' வந்தபோது, கடைக்குப் போய்ப் பெட்டியோடு டிஸ்க் வாங்கினவர்களும் ஸ்டீமில் கணக்குத் திறந்து, இன்டர்நெட் வழியாகக் கம்பெனியிடம் ஒரு தடவை தலையைக் காட்டினால்தான் கேம் திறக்கும் என்றாகியது. கையில் டிஸ்க் இருந்தது. சாவி சியாட்டில் பக்கத்தில் இருந்தது. அதன்பின் பூட்டுகள் பல தினுசாகப் பெருகின. சிலவற்றுக்கு முதல் நாள் மட்டும் அனுமதி போதும். சிலவற்றுக்கு அவ்வப்போது வேண்டும். சிலவற்றுக்கு, தனி ஆளாக உட்கார்ந்து விளையாடினாலும், ஒவ்வொரு நிமிஷமும் சர்வரோடு பேச்சு இருந்துகொண்டே இருக்க வேண்டும். 2012 மே மாதம் 'டயாப்லோ 3' வெளியான அன்று உலகம் முழுக்கக் காசு கொடுத்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். சர்வர் தாங்கவில்லை. தன்னந்தனியாக விளையாட வந்தவனும் உள்ளே போக முடியவில்லை.

இதற்கு மாற்றே இல்லை என்றால் விதி என்று விட்டுவிடலாம். மாற்று இருக்கிறது. போலந்து நாட்டின் சி.டி. ப்ராஜெக்ட் 2008-ல் ஆரம்பித்த 'ஜி.ஓ.ஜி.' கடையில் கேமைப் பூட்டு இல்லாத ஃபைலாகவே தருகிறார்கள். இறக்கி, ஹார்ட் டிஸ்கில் போட்டு, பீரோவில் வைத்துவிட்டால் சரி. பத்து வருஷம் கழித்து அந்தக் கடையே இல்லாமல் போனாலும், ஓட்டுவதற்குத் தோதான ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அது ஓடும். சட்டத்தின் கண்ணில் இதுவும் 'உரிமம்' தான் என்று யாராவது வக்கீல் எழுந்திருப்பார். அவர் சொல்வது சரி. பத்திரத்தில் எழுதியிருப்பதில் இரண்டு கடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்பதில். மயிலாப்பூரில் நாலு தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டிய அவசியம் இருக்காது.

ஏன் மயிலாப்பூர் என்றால், 'அடிமனை' என்ற வார்த்தை இங்கே தெருவுக்குத் தெரு புழங்குகிற வார்த்தை. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியும் அதைத் தாண்டியும் எத்தனையோ வீடுகள், கடைகள் கோயில் மனையில் நிற்பவை. கட்டடம் நம்முடையது, செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம், மொட்டைமாடியில் போட்ட கொட்டகை எல்லாம் நம் காசு. அடியிலிருக்கும் மண் கோயிலுடையது. மண்ணுக்கு வாடகை கட்ட வேண்டும். வாடகை ஏறும், பாக்கி நிற்கும், நோட்டீஸ் வரும். வீட்டை விற்கப் போனால் வாங்குகிறவன் முதலில் கேட்கும் கேள்வி: அடிமனை யாருடையது?

பூட்டுப் போட்ட கேம் அடிமனை வீடு. விளையாடுகிறவன் அதில் செலவழித்த நூற்றுக்கணக்கான மணி நேரம், அவன் சேமித்து வைத்த கட்டங்கள், அவன் உருவாக்கிய ஊர்களும் ஆட்களும் அவன் கட்டிய கட்டடம். அடியிலிருக்கும் சர்வர் கம்பெனியுடையது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்த வித்தியாசம் கேம் விளையாடுகிறவனுக்குச் சாதகமானது அல்ல.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் சென்னையில் மனை விலை ஏறியபோது, மனைக்காரர்கள் குடியிருப்பவர்களைக் கிளப்பப் பார்த்தார்கள். அப்போது வந்தது 1921-ஆம் வருஷத்துச் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். நியாயமான வாடகை கட்டும்வரை நம்மை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிறத்தியார் மண்ணில் வீடு கட்டினவர்களைக் காப்பதற்காகவே இந்தச் சட்டம் என்று அதன் முகவுரையே சொல்கிறது. வெளியேற்றினால் கட்டடத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு படி: கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த மண்ணையே தனக்கு விற்கும்படி குடியிருப்பவன் மனுப்போடலாம். 1996-ல் கோயில், மடம் போன்றவற்றின் மனைகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார்கள். அது தனிக் கதை. அதில் இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. எனக்கு இங்கே முக்கியம், வெள்ளைக்காரன் காலத்துச் சென்னையே ஒப்புக்கொண்ட ஒரு தர்மம். அடியிலிருப்பது உன்னுடையது என்பதால் மேலே கட்டினவனை வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது என்ற தர்மம்.

2024-ல் வீடியோ கேம் உலகத்தில் இந்த தர்மம் எங்கே இருந்தது என்று பார்க்கலாம். யூபிஸாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமை விற்றது. அமெரிக்க நாடு முழுவதையும் குறுக்கி வரைந்து, அதில் யார் துணையும் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம். ஆனால் தனியாக ஓட்டவும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்கை வைத்திருந்தவன் கையில் இருந்தது பிளாஸ்டிக் தட்டு. அத்தோடு விட்டார்களா? வாங்கினவர்களின் கணக்கிலிருந்தே அந்தக் கேமின் உரிமத்தை நீக்கினார்கள். கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டபோது கம்பெனி கொடுத்த பதில், நீங்கள் வாங்கியது வரம்புக்குட்பட்ட உரிமம், கேம் அல்ல என்பது. நஷ்ட ஈடு என்ற பேச்சே இல்லை. அதே கம்பெனியின் சந்தாப் பிரிவு அதிகாரி ஒருவர் அந்த வருஷம் ஜனவரியில்தான் சொல்லியிருந்தார்: கேம்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமலிருக்க ஆட்டக்காரர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று. இரண்டே மாதத்தில் பழக்கிவிட்டார்கள்.

இதிலுள்ள மோசடி வார்த்தையில் ஆரம்பிக்கிறது. பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தில் 'வாடகை' என்று கூட இல்லை, அதற்கும் கீழான ஒரு வார்த்தை. கலிஃபோர்னியா அரசு 2024-ல் இயற்றி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் இந்த வார்த்தையைத்தான் பிடித்தது. உரிமம்தான் தருகிறேன் என்று துலக்கமாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது. எப்போதைக்குமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி கொடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே, காசு கட்டும் பக்கத்தில், இது உரிமம் என்ற வரியைச் சேர்த்துக்கொண்டது. இருபது வருஷம் கழித்து வந்த உண்மை.

நம் தேசத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. 2004-ல் டாட்டா கன்சல்டன்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், பெட்டியில் அடைத்து விற்கும் மென்பொருள் 'சரக்கு'தான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2021 மார்ச்சில் வருமான வரி வழக்கு ஒன்றில், அப்படி வாங்குவது பிரதியை வாங்குவதே தவிர பதிப்புரிமையை வாங்குவதல்ல என்று அதே நீதிமன்றம் மறுபடி தெளிவாக்கியது. ஆக, வரி வாங்கும்போது அது சரக்கு. வாங்கினவன் என்னுடையது என்று சொல்லும்போது மட்டும் உரிமம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமோ, கம்ப்யூட்டர் புரோகிராமை முறையாக வைத்திருப்பவன், அது கெட்டுப்போகாமலிருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் ஒரு கையால் காப்புப் பிரதியைக் கொடுக்கிறது. பூட்டு அதை மறு கையால் பறிக்கிறது. எந்தக் கோர்ட்டுக்கும் போகாமல், எந்த வாதமும் இல்லாமல்.

இனி, வழக்கமாக வரும் சமாதானங்கள்.

முதலாவது: திருட்டு. ரிச்சி தெருவையும் பர்மா பஜாரையும் காட்டுவார்கள். ஐம்பது ரூபாய்க்கு சி.டி. விற்ற ஊரில் பூட்டுப் போடாமல் என்ன செய்வது? இந்த வாதத்தில் ஒரு சின்னக் கோளாறு இருக்கிறது. அந்த ஐம்பது ரூபாய் சி.டி.யில் பூட்டு ஏற்கனவே உடைக்கப்பட்டிருந்தது. திருடினவன் வீட்டில் கேம் கேள்வி கேட்காமல் ஓடியது. முழு விலை கொடுத்தவன்தான் ஒவ்வொரு தடவையும் தன் யோக்கியதையை நிரூபித்துக்கொண்டிருந்தான். 2005-ல் சோனி பி.எம்.ஜி. இன்னும் ஒரு படி மேலே போனது, சங்கீத சி.டி.க்குள் ஒளித்துவைத்த பூட்டு, அதைக் கம்ப்யூட்டரில் போட்டவர்களின் மெஷினுக்குள் சொல்லாமல் புகுந்து வைரஸுக்கு வழி திறந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் காசு கொடுத்து வாங்கினவர்கள். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம். 2015-ல் வந்த 'தி விட்சர் 3' முதல் நாளிலிருந்தே ஜி.ஓ.ஜி.யில் பூட்டு இல்லாமல் கிடைத்தது. பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் விநியோகிக்க நினைத்தவனுக்குத் தடை ஒன்றுமில்லை. 2023-க்குள் எல்லாக் கருவிகளுக்குமாகச் சேர்த்து 5 கோடிப் பிரதிகள் விற்றுவிட்டதாக அதன் கம்பெனி அறிவித்தது. திருட்டு இல்லை என்று நான் சொல்லவில்லை. பூட்டு திருடனுக்காகப் போடப்படுவது இல்லை என்கிறேன்.

படைப்பாளியின் உரிமையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். படைப்பின் உரிமை வேறு, பிரதியின் உடைமை வேறு. பாரதி பாடல்களின் உரிமை ஒரு கைமாறி, இன்னொரு கைமாறி, சினிமாக் கம்பெனி வரை போய், 1949-ல் சென்னை மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டு, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. அந்தச் சச்சரவு நடந்த வருஷங்களில் ஒருவரும் வாசகன் வீட்டுக்கு வந்து அவன் வாங்கிவைத்திருந்த பாரதி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. போயிருக்கவும் முடியாது. இப்போது முடியும்.

இரண்டாவது சமாதானம் சௌகரியம். இதில் உண்மை இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் எத்தனை வீட்டு நூலகங்கள் சேறாகின என்பதை இந்த ஊர் மறக்காது. அலமாரியில் இருந்த புத்தகம், டிஸ்க், கேஸட் எல்லாம் போயிற்று. ஆன்லைன் கணக்கில் இருந்தது பிழைத்தது. பார்த்தாயா, என்றார்கள் எனக்குத் தெரிந்தவர்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரமும் கம்பமும் சாய்ந்து கேபிள்கள் அறுந்தன. எங்கள் தெருவில் ஒருவழியாக மின்சாரம் வந்தபிறகும் இன்டர்நெட் வரவில்லை. கம்ப்யூட்டருக்குள் முழுசாக இறங்கியிருந்த, நான் தனியாக விளையாடுகிற கேம் ஒன்று, இணைப்பு இல்லை என்று கதவைச் சாத்தியது. கம்பெனியின் பெயர் வேண்டாம். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அதே மெஷினில் பூட்டு இல்லாமல் வாங்கின இன்னொரு கேம் சாதாரணமாக ஓடியது.

இந்த இரண்டு டிசம்பர்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விடை வருகிறது. வெள்ளம் ஒற்றைப் பிரதியை அழித்தது. புயல் தூரத்துச் சாவியை அழித்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பல பிரதிகள், பல வீடுகளில், யாரையும் கேட்காமல் திறக்கும்படி. ஒரு ஹார்ட் டிஸ்க் மயிலாப்பூரில், ஒன்று தாம்பரத்தில் அக்கா வீட்டில். பூட்டு இல்லாத ஃபைலுக்கு இது ஐந்து நிமிஷ வேலை. பூட்டுள்ளதை எத்தனை இடத்தில் வைத்தாலும் அது ஒற்றைப் பிரதிதான், ஏனென்றால் சாவி ஒன்றுதான்.

சாவி கம்பெனியிடம் மட்டும் இருப்பதாக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி அதில் ஒன்று. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சர்வர்கள் நின்றன. நம் தெருப் பையன்கள் காசு கட்டி வாங்கியிருந்ததெல்லாம் கேமோடு சேர்ந்து முடங்கியது. 2021-ல் வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதற்கும் தடை. 2023 மே மாதம் திரும்பியது. தடையின் காரணங்கள் சரியா தப்பா என்பது தனி விவாதம். பப்ஜி பலர் கூடி ஆடும் ஆட்டம், சர்வர் இல்லாமல் அதற்கு ஜீவிதம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் தனியாக ஆடுவதையும் அதே கயிற்றில் கட்டிவைத்தால், ஒரே ஒரு உத்தரவில் எத்தனை வீட்டிலிருந்தும் எதையும் எடுத்துவிடலாம் என்பது நிரூபணமாகிவிட்டது. 1975-77 நெருக்கடி நிலையில் அச்சுக்குப் போகுமுன் தணிக்கை செய்தார்கள். ஏற்கனவே விற்றுப்போன இதழைத் திரும்பப் பெற வேண்டுமானால் வீடு வீடாக ஆள் அனுப்பிப் பரண் பரணாகத் தேட வேண்டும். அந்தச் சிரமம்தான் நமக்கு இருந்த பாதுகாப்பு. பூட்டு அந்தச் சிரமத்தை ஒழித்துவிட்டது.

மூன்றாவது சமாதானம், பழைய கேமை யார் மறுபடி விளையாடப் போகிறார்கள் என்பது. இதை ஒரு தமிழன் சொல்லக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது.

டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு கேம் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா என்ற அந்தப் பெண்ணிடம் தன் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்துக்கள் அழிந்து போயிருக்கின்றன. இட்லி எப்படி, புட்டு எப்படி என்று விடுபட்டதை ஊகித்து ஊகித்து நாம் சமைக்க வேண்டும். அந்த நோட்டும் ருசியும் பாஷையும் மகனுக்குப் போய்ச் சேருமா என்பதுதான் கதை. 2024-ல் அதற்கு சுயாதீன கேம் விழாவின் பெரிய பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் கிடைத்தன. நம் பத்திரிகைகளில் எத்தனை அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதின என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அந்த நோட்டுப் புத்தகம் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது. யாரும் கம்பெனிக்கு மனுப்போடவில்லை. ஆனால் அந்தக் கேமையே ஸ்டீமில் வாங்கி வைத்திருக்கும் ஒரு அம்மா, தன் மகனுக்கு அதை விட்டுச்செல்ல முடியாது. கணக்கைப் பிறருக்கு மாற்றக்கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. பாஸ்வேர்டைக் காதில் சொல்லிவிட்டுப் போகலாம். அது சொத்தல்ல, கள்ளச் சாவி. கேமைச் செய்தவர்களின் குற்றம் இல்லை இது. பாரம்பரியம் கைமாறுவதைப் பற்றிய ஒரு தமிழ்ப் படைப்பு, தான் கைமாறுவதற்கு வழியில்லாத ஒரு கடையில் விற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் நாம் வந்து சேர்ந்திருக்கும் இடம்.

தமிழ் பிழைத்தது எப்படி என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். ராஜாவின் களஞ்சியத்தால் மட்டும் பிழைக்கவில்லை. யார் யாரோ வீட்டுப் பரணில், கேட்பாரற்றுக் கிடந்த ஏடுகளால் பிழைத்தது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கி 1887-ல் சிந்தாமணியையும் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அவர் சேர்த்தவை இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீஸையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தபின், 1994-ல் சென்னையில் அது நூலகமாயிற்று. இப்போது தரமணியில் இருக்கிறது. ஏட்டைத் திறக்க எழுதினவனின் அனுமதி வேண்டும் என்று இருந்திருந்தால் சாமிநாதையர் கையில் கறையான் மண்தான் மிஞ்சியிருக்கும். சி.சு. செல்லப்பா 1959-ல் ஆரம்பித்த 'எழுத்து' சொற்பப் பிரதிகளே போன பத்திரிகை. அதை இன்றைக்கு யாரும் படிக்க முடிகிறது என்றால், அன்றைக்கு வாங்கினவர்களில் சிலர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள் என்பதே காரணம். வைத்திருப்பதற்கு அவர்களுக்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை.

கேமுக்கு ரோஜா முத்தையா வர முடியாது. வந்தால் அவர் குற்றவாளி ஆவார். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் செய்த ஆய்வு சொல்கிறது. ஆராய்ச்சியாளர்கள் நூலகத்துக்கு வராமல் தூரத்திலிருந்தே அவற்றைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டதை 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நம் நாட்டில் 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் எழும்பூர் கன்னிமாராவுக்குப் போக வேண்டும். இந்தியாவில் உருவாகும் ஒரு கேமின் பிரதி எங்கே போக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

இதெல்லாம் கேம்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று இன்னமும் நினைக்கிறவர்கள் தங்கள் கிண்டிலைத் திறந்து பார்க்கட்டும். 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கினவர்களின் கருவிகளுக்குள் புகுந்து புத்தகங்களை அழித்தது. அழித்தது ஆர்வெல்லின் '1984'. கதாசிரியர்கள் எழுதத் துணியாத பொருத்தம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். முடியும் என்பது தெரிந்துவிட்டது. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தது. நம்மவர்கள் பதிப்பாளர் தொல்லை ஒழிந்தது என்று கொண்டாடினார்கள். 2025 பிப்ரவரியில், வாங்கின புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யு.எஸ்.பி. வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்தினார்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லை.

இதிலே எழுத்தாளனுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. கிண்டிலில் புத்தகம் ஏற்றும்போது, பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று அவனைத்தான் கேட்கிறார்கள். ஒரு சின்னக் கட்டம். கம்பெனியின் கொள்கை, உலகமயம், முதலாளித்துவம் என்றெல்லாம் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்தக் கட்டத்தில் என்ன குறி போட்டார்கள்? இன்னொரு பக்கம், 1998 முதல் மதுரைத் திட்டத்தில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து பூட்டே இல்லாமல் பொதுவில் வைத்துவருகிறார்கள். சங்க இலக்கியத்துக்கு அந்த ஏற்பாடு, நம் சமகால நாவலுக்கு அமேசானின் சாவி. எது அடுத்த நூற்றாண்டைப் பார்க்கும் என்று பந்தயம் கட்ட நான் தயார்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: 2024 ஏப்ரலில் தொடங்கிய 'கேம்களைக் கொல்லாதே' இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்த்தது. அவர்கள் கேட்பது எளிது. சர்வரை நிறுத்து, அது உன் இஷ்டம். ஆனால் நிறுத்துமுன், வாங்கினவன் தன் வீட்டில் தானே ஓட்டிக்கொள்ளும்படி கேமை விட்டுவிட்டுப் போ. 1921-ல் சென்னை மனைக்காரனிடம் கேட்டதும் இதற்கு ரொம்ப தூரம் இல்லை. இங்கே நாம் கேட்க வேண்டியது இன்னும் இரண்டு. உரிமத்தை விற்கிறவன் பொத்தானில் 'வாங்கு' என்று எழுதக்கூடாது. 1954-ஆம் வருஷத்துச் சட்டத்தைக் கேமுக்கும் மின்நூலுக்கும் விரித்து, பூட்டு இல்லாத ஒரு பிரதி கன்னிமாராவுக்குப் போய்ச்சேர வேண்டும்.

அதுவரை வாசகனும் ஆட்டக்காரனும் செய்யக்கூடியது, பூட்டு இல்லாமல் கிடைக்கும்போது அதைக் காசு கொடுத்து வாங்குவது. திருடாமல், காசு கொடுத்து. எழுத்தாளன் செய்யக்கூடியது அந்தக் கட்டத்தில் குறி போடாமல் இருப்பது. குறி போட்டிருப்பவர்கள் எந்த நியாயத்தில் போட்டார்கள் என்று எழுதட்டும். இந்தப் பத்திரிகையிலேயே அதற்கு இடம் கிடைக்கும் என்று நம்புகிறேன். அச்சில் வரும். வாங்குகிறவன் யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம்.